முடிக்க விடாத விளையாட்டு

(குறுவள மையக் கலந்துரையாடல் ஒன்றில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"போனைத் தொடக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னாத்தான் கேட்பான்." பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் இந்த வேண்டுகோள் நம் காதுக்கு வருகிறது. அப்படி என்னதான் செய்கிறான் போனில் என்று கேட்டால், "ஏதோ கேம் டீச்சர்" என்பார்கள். நாமும் "கேம் அடிமை" என்ற இரண்டு சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த "ஏதோ கேம்" என்ற பட்டியலில் ஒரு வகையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதில் யாரையும் சுட்டு வீழ்த்த வேண்டியதில்லை. வண்டி ஓட்டி முந்த வேண்டியதும் இல்லை. கட்ட வேண்டும், அவ்வளவுதான். வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம், ஊரையே கட்டலாம். கேட்பதற்கு எவ்வளவு நல்ல விளையாட்டு! ஆனாலும் பிள்ளைகள் இதிலிருந்து எழுந்து வருவது மிகவும் கடினமாக இருக்கிறது. ஏன்?

இந்த வகையில் உலகம் முழுதும் அறியப்பட்டது மைன்கிராஃப்ட். சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் உருவாக்கிய இதன் முதல் வடிவம் 2009 மே மாதம் வெளியானது. முழு வடிவம் 2011 நவம்பரில் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைக் கடந்தது. நம் பிள்ளைகளில் பலர் காசு கொடுத்து இதை வாங்கியவர்கள் அல்லர். இதைப் போலவே செய்யப்பட்ட, நடுநடுவே விளம்பரம் வரும் இலவச விளையாட்டுகளை அண்ணன் போனிலோ அப்பா போனிலோ ஆடுகிறார்கள். அடிப்படை ஒன்றுதான்.

விளையாட்டு எளிமையானது. உலகம் முழுவதும் ஒரு மீட்டர் கனசதுரங்களால் ஆனது. பிள்ளைகள் அதை "பிளாக்" என்பார்கள். மண், கல், மரம், மணல் எல்லாமே பிளாக்தான். பிளாக்கை உடைத்து எடுக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம். உலகத்தின் அகலம் ஏறத்தாழ 6 கோடி பிளாக், அதாவது 60,000 கிலோமீட்டர். நாம் வாழும் பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரிய நிலத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, "இதைச் செய்" என்று விளையாட்டு கட்டளையிடுவதில்லை. என்ன செய்வது என்று அவனே முடிவு செய்ய வேண்டும்.

இது ஏன் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தாளுக்காக நாம் மனப்பாடம் செய்த பெயர்களே போதும்.

எங்கே நிறுத்துவது?

கபடிக்கு நேரக் கணக்கு உண்டு. பாண்டி ஆட்டத்தில் கடைசிக் கட்டம் உண்டு. போனில் ஆடும் சண்டை விளையாட்டில்கூட ஒரு சுற்று முடிந்ததும் வென்றவர் யார் என்று காட்டும். அந்த இடத்தில் பிள்ளை தலைநிமிர்வான். "சாப்பிட வா" என்ற அம்மாவின் குரல் காதில் விழும். கட்டும் விளையாட்டில் அந்த இடமே இல்லை. மைன்கிராஃப்டில் கடைசியாகக் கொல்ல ஒரு டிராகன் இருக்கிறது. அதைக் கொன்ற பிறகும் உலகம் அப்படியே இருக்கும், ஆட்டம் தொடரும்.

கூடவே ஒரு நுட்பமான கணக்கு. அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். பகலில் கட்டலாம். இரவில் பேய்பிசாசுகள் வரும், ஒளிந்துகொள்ள வேண்டும். விடிந்ததும் மீண்டும் வேலை. "இன்னும் ஒரு நாள் மட்டும்" என்று ஒரு பிள்ளை நினைப்பது நியாயமாகத்தான் தோன்றும். மூன்று முறை அப்படி நினைத்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

முடியாத வேலை

ப்ளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, சிலவற்றைப் பாதியில் தடுத்து நிறுத்தினார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே பலருக்கு நன்றாக நினைவில் இருந்தது. பின்னாளில் செய்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை என்றாலும், பாதி வேலை மனத்தை அரிக்கும் என்பது நம் அனுபவம். பாதி திருத்திய விடைத்தாள் கட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு முழுவதும் பாதி வேலைகள்தான். கூரை போட மரம் வேண்டும். மரம் வெட்டப் போனால் வழியில் ஒரு குகை தெரியும். குகைக்குள் இரும்பு இருக்கும், அதை உருக்க அடுப்பு வேண்டும். அடுப்பு செய்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். கூரை இன்னும் அப்படியே இருக்கும். ஒரு வேலை முடியும்போது மூன்று வேலை திறந்து கிடக்கும்.

வைரம் எப்போது கிடைக்கும்?

ஸ்கின்னரின் புறாக்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. மாறும் விகித வலுவூட்டல் என்று படித்தோம். தரைக்கடியில் வைரம் தேடும் பிள்ளையும் அதே நிலையில்தான் இருக்கிறான். அடுத்த கல்லுக்குப் பின்னால் இருக்கலாம், நூறு கல்லுக்குப் பின்னாலும் இல்லாமல் போகலாம்.

எட்டும் உயரத்தில் ஏணி

மேற்சொன்னவை மட்டும் என்றால் இதை ஒரு சூதாட்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதில் நல்ல கற்பித்தலின் கூறுகளும் இருக்கின்றன. மரப் பிக்காசு இருந்தால் கல்லை வெட்டி எடுக்கலாம். கல் பிக்காசு இருந்தால் இரும்பை எடுக்கலாம். இரும்புப் பிக்காசு இருந்தால்தான் வைரத்தை எடுக்க முடியும். ஒவ்வொரு படியும் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம் இதுதானே! செய்ததன் பலன் அந்த நொடியே தெரிகிறது. அது தார்ன்டைக்கின் விளைவு விதி. சுவர் கோணலாகிவிட்டால் உடைத்துவிட்டு மறுபடி கட்டலாம். யாரும் சிவப்பு மையில் சுழிக்க மாட்டார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடைசியாக, தானே செய்தது என்ற பற்று. நார்ட்டன், மோச்சன், ஏரியலி ஆகிய மூவரின் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. காகிதத்தை மடித்து உருவம் செய்தவர்கள், தாங்கள் செய்த கோணல்மாணலான உருவத்துக்கு, கைதேர்ந்தவர் செய்ததற்கு நிகரான மதிப்பைக் கொடுத்தார்கள். தன் கையால் பிளாக் பிளாக்காக அடுக்கிய வீட்டை ஒரு பிள்ளை எப்படி விட்டுவிட்டு வருவான்?

வகுப்பறையில் நடந்தது

ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "மைனஸ் 16, மைனஸ் 59, இதில் எது பெரியது?" என்று கேட்டேன். வழக்கம்போலப் பல குரல்கள் "மைனஸ் 59" என்றன. கடைசி வரிசையில் இருந்து, பாதிப் பக்கம் வெறுமையாகவே நோட்டை வைத்திருக்கும் ஒரு மாணவன், "இல்ல டீச்சர், மைனஸ் 59 ரொம்பக் கீழ இருக்கு. வைரம் எல்லாம் அங்கதான் கிடைக்கும்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் அவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். அந்த விளையாட்டில் பிள்ளை நிற்கும் இடத்தைத் திரையில் மூன்று எண்களாகக் காட்டும் வசதி உண்டு. அவற்றுள் ஒன்று உயரம். மேலே 320 வரை கட்டலாம். கீழே மைனஸ் 64-இல் உடைக்க முடியாத அடிப்பாறை. இதையெல்லாம் அவன் செங்குத்தான எண்கோடாக வரைந்து காட்டினான். "உன் வீடு எங்கே?" என்றேன். "70-ல டீச்சர்." "வீட்டிலிருந்து வைரத்துக்கு எத்தனை பிளாக் இறங்க வேண்டும்?" கொஞ்சமும் யோசிக்காமல் "129" என்றான். "சுழியத்துக்கு மேல 70, கீழ 59, கூட்டினா வந்துடும்." குறை எண்ணைக் கழிக்கும்போது ஏன் கூட்டலாகிறது என்று நான் இரண்டு பாடவேளை முயன்று விளக்கியதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் உரையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அதே மாணவன் முதல் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்குகிறவன். இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் அண்ணனின் போன். பருவத் தேர்வில் கணக்கைத் தவிர மற்ற எல்லாப் பாடங்களிலும் இறங்கிவிட்டான். ஒரு விளையாட்டு எதையோ கற்றுத் தருகிறது என்பதும், அது பிள்ளையின் தூக்கத்தைத் தின்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் நம்மால் அவனுக்கு உதவ முடியாது.

அவனுடைய அப்பா கொத்தனார். பள்ளிக்கு வரச் சொன்னேன். "நான் பகலெல்லாம் கட்டுறேன், இவன் ராத்திரியெல்லாம் கட்டுறான்" என்று சிரித்தார். சிரிப்பில் வருத்தம் இருந்தது. மகன் என்ன கட்டியிருக்கிறான் என்று அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் முதலில் கேட்டது, "ஏண்டா, தாங்க ஒண்ணுமே இல்லாம இந்த மாடி எப்படிடா நிக்குது?"

சரியான கேள்வி. அந்த உலகத்தில் மணல், சரளை போன்ற சிலவற்றைத் தவிர மற்ற பிளாக்குகள் விழாது. மரத்தின் அடியை வெட்டினாலும் மேல்பகுதி அந்தரத்தில் நிற்கும். அடுத்த வாரம் அவரே ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டுவந்து, பள்ளிச் சுற்றுச்சுவரில் வைத்து எங்கள் வகுப்புக்குக் காட்டினார். ஜன்னலுக்கு மேல் லிண்டல் ஏன் வேண்டும், கட்டிய சுவருக்கு ஏன் நாள் கணக்கில் தண்ணீர் விட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டு தராத எடையையும் காத்திருப்பையும் அவர்கள் அன்று கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, விளையாட்டின் பெயரையும் வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம். "என்ன கட்டினாய்?" என்று ஒரு பெரியவர் கேட்டால் பிள்ளை மறைக்க வேண்டிய தேவை குறைகிறது.

இரண்டாவது, விளையாட்டு தராத நிறுத்தத்தை நாம் தர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து வெடுக்கென்று பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். இந்த விளையாட்டில் பிள்ளை தன் சொந்த உலகத்தில் ஆடும்போது எல்லாம் தானாகச் சேமிக்கப்படும். நிறுத்தினால் கட்டியது அழியாது. இதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அதில் கட்டில் செய்து படுத்தால் இரவு கடந்து காலை வந்துவிடும். "அங்கே நீ படுக்கும்போது இங்கேயும் போனை வைத்துவிடு" என்பது பிள்ளைக்குப் புரிகிற நிறுத்தக் குறி.

மூன்றாவது, நாளைய வேலையை எழுதி வைக்கச் சொல்வது. முடியாத வேலைக்கு எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டம் வகுத்துவிட்டால் அது மனத்தைத் தொந்தரவு செய்வது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் எழுதினார்கள். நான் சொன்ன மாணவன் ஒரு சின்ன நோட்டில் "நாளைக்கு: கூரை, மேற்குப் பக்கம்" என்று எழுதிவிட்டு எட்டரை மணிக்குப் போனைச் சமையலறை அலமாரியில் வைக்கிறான். சனிக்கிழமைகளில் இன்னும் தவறுகிறது. ஆனால் முதல் பாடவேளையில் விழித்திருக்கிறான்.

நான்காவது, நம் வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு வேலையாவது ஒரே விடை இல்லாததாக இருக்கட்டும். தீப்பெட்டி, களிமண், பழைய அட்டை போதும். "100 சதுர சென்டிமீட்டர் தரையில் நால்வர் வாழும் வீட்டு மாதிரி செய்" என்று கொடுத்துப் பாருங்கள். பாதியில் மணி அடித்தால் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடரட்டும். பள்ளிக்கு மறுநாள் ஓடி வர அந்தப் பாதி வீடும் ஒரு காரணமாகட்டும்.

ஐந்தாவது, எல்லையை அறிந்திருப்போம். அதிகம் ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்பது இடம்பெற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கேடு வந்த பிறகும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்து, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால்தான் அந்தப் பெயர். இதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். சாப்பாடு, குளியல், நண்பர்கள் எல்லாவற்றையும் பிள்ளை விட்டுவிடுவதாகத் தெரிந்தால், பெற்றோரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். டெலி மனஸ் இலவச எண் 14416-ஐயும் எழுதிக் கொடுங்கள்.

நண்பர்களே, தான் நினைத்ததைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எந்தப் பிள்ளைக்கும் இயல்பானது. அந்த ஆசைக்கு இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் மட்டும் இடம் கிடைப்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. பகலில், நம் வகுப்பறையில், அதற்கு ஒரு மேசை ஒதுக்குவோம். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளைகள் செய்த ஒரு மாதிரியையாவது கொண்டு வாருங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.