வலையமைப்பு ஆய்வும் தென்காசிக் களங்களும்

சங்கரன்கோவிலில் தொடங்கும் இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டுள்ள பொருள், சிக்கலான வலையமைப்புகள் குறித்த முனைவர் பட்ட ஆய்வு. ஓர் அமைப்பின் உறுப்புகளைக் கணுக்களாகவும் அவற்றிடையே உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் கொண்டு ஆராயும் இம்முறை, கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களைப் பற்றிய புதிருக்குக் கணித அறிஞர் ஆய்லர் 1736இல் முன்வைத்த தீர்விலிருந்து வளர்ந்தது எனினும், தனித் துறையாக உருப்பெற்றது அண்மையில்தான். மிகப் பெரிய வலையமைப்பிலும் எந்த இரு கணுக்களும் சில படிகளிலேயே இணைந்துவிடும் சிற்றுலகப் பண்பை வாட்சும் ஸ்ட்ரோகாட்சும் 1998இல் விளக்கினர்; புதிய கணு, ஏற்கெனவே இணைப்பு மிகுந்த கணுவையே நாடுவதால் சில மையங்கள் மிகப் பெரிதாகின்றன என்பதை பாரபாசியும் ஆல்பர்ட்டும் 1999இல் காட்டினர். இந்திய ரயில்வேயும் சிற்றுலகப் பண்பு உடையதே என்பதைக் கொல்கத்தா ஆய்வாளர்கள் 2003இல் நிறுவினர்.

இவ்வுரை வலியுறுத்துவது ஒன்றே: தென்மாவட்ட ஆய்வு மாணவர், பிறர் திரட்டி வைத்த தரவுகளில் பழைய கணக்கீடுகளைத் திரும்பச் செய்வதை விடுத்து, தம் மண்ணின் வலையமைப்பைத் தாமே அளந்து வரைய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் குளங்கள் இதற்கு முதன்மையான களம். மேல்குளம் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்தை நிரப்பும் இச்சங்கிலி, திசையுடைய வலையமைப்பு, அதாவது இணைப்பு ஒரு பக்கமாகவே செல்லும் வகை. இதில் ஒரு குளத்தின் முக்கியத்துவத்தை அதன் பரப்பளவைவிட, அதைச் சார்ந்து கீழே எத்தனை குளங்கள் நிரம்புகின்றன என்பதே தீர்மானிக்கும். ஓர் ஓடை ஆக்கிரமிக்கப்பட்டால் எங்கெங்கே ஆயக்கட்டு வறளும் என்பதை, புலப்படங்களையும் மடை திறப்போரின் நினைவையும் ஒப்பிட்டு வரையும் ஆய்வேடு, கணிதத்துக்கும் வேளாண்மைக்கும் ஒருசேரப் பயன்படும்.

சங்கரன்கோவிலின் விசைத்தறித் தொழிலில் நூல் தரும் வியாபாரியும் கூலிக்கு நெய்பவரும் இரு வகைக் கணுக்களாக அமைவதால் அதுவும் ஆராயத்தக்கது. அங்கே கடன் உறவுகள் வெளிப்படும் என்பதால், பெயர் மறைத்துத் தரவு திரட்டுவது ஆய்வாளரின் கடமை.

அருகிலுள்ள கயத்தாறு வட்டாரத்தின் காற்றாலைகள் வேறொரு வினாவை எழுப்புகின்றன: மின்தொகுப்பில் இணைப்பு பெருகுவது நன்மையா, தீமையா? 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்திய மின்தொகுப்பு குலைந்து, இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டபோது, தென்தொகுப்பு ஒரே அதிர்வெண்ணில் அதனுடன் பிணைக்கப்படாதிருந்தது. அப்பிணைப்பு 2013 டிசம்பர் 31இல், ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தால் ஏற்பட்டது. இணைப்பு வலுவையும் தரும், பழுதையும் கடத்தும். பருவத்துக்கேற்ப ஏறியிறங்கும் காற்றாற்றல் பெருகும் தொகுப்பில் இவ்விரண்டின் எல்லையைக் கணிப்பது இன்னும் முடிவுறாத பணி.

இத்தகைய ஆய்வுக்குச் 1962இல் தொடங்கப்பட்டு இன்று சென்னைத் தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் ஓர் உயர்ந்த வாயில்; திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருகிலேயே உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நான்காண்டு இளங்கலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். குளச் சங்கிலியை ஆராய்பவருக்குக் கணிதத்தில் ஒருவரும் நீரியலில் ஒருவருமாக இரு நெறியாளர்கள் அமைவதே பொருத்தம். அதற்கான ஏற்பாட்டைக் கல்லூரிகள் மாணவர் சேர்க்கைக்கு முன்பே பேசி முடித்தல் வேண்டும்.