றோயல் ஐசிங்: பதம் அறிதல்

(நூற்றாண்டு விழாவையொட்டி மனையியல் அறையில் நடைபெற்ற செய்முறைக் காட்டலில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா விற்பனைக் கூடத்துக்குக் கல்லூரி இலச்சினை வரைந்த பிஸ்கற் செய்வதென்று முடிவானபோது உதவிக்குப் பலர் முன்வந்தார்கள். மா குழைக்கவும், வெட்டவும், பெட்டியில் அடுக்கவும் ஆள் இருந்தது. ஐசிங் என்றதும், "அது எங்களுக்கு வராது, அதற்குக் கைராசி வேணும்" என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். கடைசியில் அந்த வேலை மூத்த அக்காமார் மூவரின் கைகளிலேயே வந்து நின்றது. அவர்களுக்குப் பிறகு யார் செய்வது? அந்தக் கேள்விதான் இன்று எங்களை இந்த மேசைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். ஐசிங் பதத்தில் இருக்கிறது. பதத்தை எண்ணிக் கணக்கிடலாம். எண்ணக்கூடியதை யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பயற்றம் பணியாரத்துக்குப் பாகு காய்ச்சிய வீடுகளில் வளர்ந்த எமக்குப் பதம் என்ற சொல் புதிதும் அல்ல.

இந்தக் கலை ஆங்கிலேயர் வழியாக எம்மிடம் வந்தது. 1769 இல் எலிசபெத் ரஃபால்ட் வெளியிட்ட சமையல் நூலிலேயே, மணக்கேக்குக்கு முதலில் பாதாம் பூச்சும் அதன்மேல் வெண்சீனிப் பூச்சும் இடும் முறை இருக்கிறது. எங்கள் கலியாண வீடுகளில் பாதாமின் இடத்துக்குக் கஜு வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த 1990 களின் முற்பகுதியிலும் எம் சகோதரிகள் சிலர் மேலும் கீழும் தணல் வைத்துக் கேக் வேகவைத்து, மரக்கரண்டியால் ஐசிங் அடித்து, குடும்பச் செலவைப் பார்த்தார்கள். மூன்று பொருளும் ஒரு கடதாசிக் கோனும் போதும் என்பதால்தான் அது முடிந்தது.

முதலில் பிஸ்கற். பட்டர் 225 கிராம், சீனி 200 கிராம், முட்டை 1, கோதுமை மா 400 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா. பேக்கிங் பவுடர் வேண்டாம். போட்டால் பிஸ்கற் பொங்கி ஓரம் கலைந்துவிடும். குழைத்த மாவை ஒரு மணித்தியாலம் குளிரில் வைத்து, கால் அங்குலத் தடிப்பில் உருட்டி வெட்டி, 175 பாகை செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் வரை வேகவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகே ஐசிங். சூட்டோடு போட்டால் ஐசிங் இளகி வழியும்.

இனி ஐசிங். ஐசிங் சீனி 450 கிராம், வெள்ளைக்கரு 3, தேசிப்புளி ஒரு தேக்கரண்டி. சீனியை அரிதட்டில் இரண்டு தரம் அரித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கட்டி போதும், கோனின் வாய் அடைத்துவிடும். வெள்ளைக்கருவில் உள்ள புரதம் நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. தேசிப்புளி அந்த நுரையை உறுதியாக்குகிறது. எண்ணெயோ மஞ்சட்கருவோ ஒரு துளி பட்டாலும் நுரை உடையும். ஆகவே பிளாஸ்ரிக் பாத்திரத்தைத் தவிர்த்து, கண்ணாடி அல்லது சில்வர் பாத்திரத்தைத் தேசிக்காய்ப் பாதியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பீற்றரை மெதுவான வேகத்தில் 5 நிமிடம் ஓட்டினால் போதும். மிதமிஞ்சி அடித்தால் காற்று ஏறி, காய்ந்தபின் ஐசிங் பொருபொருவென்று உதிரும்.

அடித்து முடித்ததும் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். நுனி நிமிர்ந்து நின்றால் அது பூ இதழ் செய்யும் பதம். நுனி சற்று வளைந்தால் எழுத்தும் கோடும் போடும் பதம். தொடங்குவோருக்கு மிகவும் உதவுவது மூன்றாவது, நிரப்பும் பதம். ஐசிங்கின் மேற்பரப்பைக் கத்தியால் கீறி எண்ணுங்கள். 15 முதல் 20 விநாடிக்குள் கீறல் மறைந்தால் சரி. 10 க்கு முன்னரே மறைந்தால் பிஸ்கற்றின் ஓரத்தால் வழியும். ஒரு கரண்டி அரித்த சீனி சேருங்கள். 25 தாண்டியும் கீறல் நின்றால் மேடும் பள்ளமுமாகக் காயும். அரைத் தேக்கரண்டி தண்ணீர் சேருங்கள். தண்ணீரை ஒருபோதும் ஊற்ற வேண்டாம், துளித்துளியாகவே விடுங்கள்.

வெளிநாடுகளில் உள்ள சகோதரிகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ரொறன்ரோவின் பனிக்காலத்தில், ஹீற்றர் ஓடும் வீட்டில், ஐசிங் கிண்ணத்திலேயே ஆடை கட்டும். மார்கழி மழையில் யாழ்ப்பாணத்தில் அதே ஐசிங் அடுத்த நாளும் பிசுபிசுக்கும். குறிப்பு ஒன்றுதான், காற்றின் ஈரம் வேறு. அம்மா எழுதிய அளவு அங்கே பொய்த்துப் போவதற்குக் காரணம் இதுதான். அளவை மறந்து விநாடியை எண்ணினால் எந்த ஊரிலும் அதே பதம் கிடைக்கும். எந்த ஊரானாலும் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வையுங்கள். கலக்கிய ஐசிங்கைக் கால் மணித்தியாலம் ஆறவிட்டால் காற்றுக்குமிழிகள் மேலே வந்துவிடும்.

எண்ணெய்த்தாளைக் கோனாகச் சுருட்டி, பாதிக்கு மேல் நிரப்பாமல், நுனியைச் சிறிதாக வெட்டுங்கள். கோலம் போடும்போது மாவை நிலத்தில் தேய்ப்பதில்லை. விரலிடுக்கிலிருந்து விழ விடுகிறோம். இங்கும் அதே கைதான். கோனின் நுனியைப் பிஸ்கற்றில் ஒருமுறை தொட்டு, அரை அங்குலம் உயர்த்தி, நூல் போல விழ விட்டு, முடிவில் மீண்டும் தொடுங்கள். ஓரக்கோடு போட்டு ஐந்து நிமிடத்தின் பின் உள்ளே நிரப்பி, மூலைகளுக்குக் குண்டூசியால் இழுத்துவிடுங்கள். முதல் நாள் பிஸ்கற்றை வீணாக்க வேண்டாம். ஒரு பீங்கான் தட்டில் பத்து வட்டம், பத்து நேர்கோடு போட்டு, வழித்து எடுத்து மீண்டும் போடுங்கள்.

இலச்சினை போன்ற இரண்டு நிற வேலைக்குப் பொறுமை தேவை. கடும் நிறங்கள் ஈரமான வெள்ளையில் ஊறிப் பரவும். வெள்ளைத் தளத்தை ஓர் இரவு முழுவதும், மழைக்காலமானால் 24 மணித்தியாலம், மின்விசிறியின் கீழ் காயவிட்ட பிறகே மெரூன் கோட்டைப் போடுங்கள். தண்ணீராக உள்ள கலரிங் பதத்தைக் குழப்பும். ஜெல் கலரிங் நல்லது. காயக் காய நிறம் கறுக்கும் என்பதால் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே நிறுத்துங்கள். பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடும். காற்றுப் புகாத ரின்னில், அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்துப் பாதுகாக்கலாம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். வெள்ளைக்கரு இங்கே வேகவில்லை. பச்சை முட்டையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். சீனி அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது ஆபத்து. ஆகவே விற்பதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் மெரிங்கு பவுடரையே பயன்படுத்துங்கள். 450 கிராம் சீனிக்கு 3 மேசைக்கரண்டி பவுடர், 5 அல்லது 6 மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீர். எமது விற்பனைக் கூடத்தின் பிஸ்கற் அனைத்தும் இப்படித்தான் செய்யப்படும். பெட்டியில் முட்டை, கோதுமை, பட்டர் சேர்ந்தது என்று எழுதவும் வேண்டும். வீட்டிலிருந்து சிறுதொழில் தொடங்க எண்ணும் தங்கைமாருக்கு, அழகான பூவை விட இந்த ஒழுங்குதான் வாடிக்கையாளரைத் தேடித் தரும்.

சகோதரிகளே, நூறு ஆண்டுகளில் இந்தக் கல்லூரி எமக்குத் தந்தவற்றுள் ஏட்டில் இல்லாதவை பல. பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்டியவர்கள் இருந்ததால்தான் அவை எம்மிடம் வந்து சேர்ந்தன. இங்கே இருப்பவர்கள் இன்று மாலையே கோனைக் கையில் எடுங்கள். தூரத்திலிருந்து இந்த மலரைப் படிப்பவர்கள், அடுத்த நத்தாருக்கோ பொங்கலுக்கோ மகளையோ மருமகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ மேசைக்கு அழைத்து, கத்தியால் கீறி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணுங்கள். அடுத்த விழாவுக்கு இலச்சினை வரைய மூவர் அல்ல, முப்பது பேர் இருக்கட்டும்.