கடல் இல்லாத ஊரில் உப்பு
(காட்பாடி ஒன்றிய விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



நாகப்பட்டினத்தில் நிலம் உப்பாகிப் போச்சுன்னா பக்கத்திலே கடல் இருக்கு. 2004 சுனாமி விட்டுப்போன உப்பை மழைத்தண்ணி தேக்கி அலசினார்கள். பாலாற்றங்கரைக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இங்கே கிணறு ஏன் உப்பாச்சு?

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். தோல் ஷாப்பில் ஊறப்போடும்போது அது தண்ணீரில் கரைகிறது. சாதாரண சுத்திகரிப்பில் குரோமியம் குறையும். கரைந்த உப்பு குறையாது. அது ஆற்று மணலில் இறங்கி, கிணற்றுக்கு வந்து, பாய்ச்சப் பாய்ச்ச வயலில் தங்கியது. மண் இறுகிப்போச்சு. ஜிப்சம் போடலாம், அலச நல்ல தண்ணி எங்கே?

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டுமென்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-ல் ஆணையம் 547 ஆலைகள்மீது 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30-ல் அதே உச்சநீதிமன்றம், அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷத்துக்கு மேல்!

தோல் தொழிலாளி நமக்கு எதிரியில்லை. அவர் வீட்டிலும் இதே தண்ணிதான். நாம் கேட்பது மூன்று:

1. விடுபட்டவர்களையும் கணக்கெடுத்து இழப்பீடு கொடு.
2. தோலின் உப்பை ஊறப்போடும் முன்பே உதறி எடு. பிரித்த உப்பை மழையில் நனைய விடாதே.
3. கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு.

அடுத்த குறைதீர்வுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் கிணற்றுத் தண்ணியோடு வாங்க. அதிகாரிகள் குடித்துப் பார்க்கட்டும்!