பாட்டன் பெயரைத் தேடுவோம்!
(மன்னாரில் ஆற்றிய உரை)



முன்னோர் பெயரைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கா? அன்று! 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழனை நோக்கி என்ன கேட்டது? தந்தையாவது, இன்றேல் பாட்டனும் பூட்டனும் இருவருமாவது இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. இம் மன்னார்க் கரையிலே இறங்கி, காடு கடந்து, மாத்தளைக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் லயத்திலே பிறந்தபோது அதனைப் பதிந்து வைத்தவர் எத்தனை பேர்? ஏடு இல்லை, ஆகவே நாடும் இல்லை என்றாயிற்று! இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு வழிதிறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆகவே, வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். காணி உறுதி, ஞானஸ்நானப் பதிவு, தோட்டச் செக்ரோல், பாட்டன் அணிந்து வந்த தகரத் துண்டு எதனையும் எறியாதீர். எழுதுவோன் கைக்கேற்பப் பெயர் மாறும். ஆதலின் ஊரையும் தோட்டத்தையும் தந்தை பெயரையும் சேர்த்து ஒப்புநோக்குங்கள். ஒரு வீட்டில் ஏடு இருக்கும். மறுவீட்டில் நினைவு இருக்கும். இரண்டும் கூடினாற்றான் வரலாறு.

கற்றோரே, படி எடுத்துக் கொடுங்கள். உழவரே, முதியோர் சொல்வதை இன்றே எழுதுவியுங்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் அப் பாதையை நினைவூட்டினர். அதில் நடந்தவர்களின் பெயர்களை மீட்பது நம் கடன்!