பீரோவில் இருக்கும் பழைய சேலை

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய காலத்து உடைகளை இந்தக் காலத்தில் உடுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் எதைப் பேசினாலும் கொஞ்சம் வரவு செலவும் சேர்ந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கல்யாண வீடுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கல்லூரிப் பெண்கள் 'ரெட்ரோ' என்று சொல்லி பஃப் கை ஜாக்கெட், கட்டம் போட்ட சேலை, ஒற்றைப் பின்னல், கனகாம்பரம் என்று வருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேலையைப் புதிதாகக் காசு கொடுத்து ஆன்லைனில் வாங்குகிறார்கள். அசல் சேலை அம்மாவின் பீரோவிலோ ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலோ சும்மா கிடக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, "பழைய பட்டுச்சேலை வாங்குறது" என்று தெருவில் குரல் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

கொடுத்த சேலை எங்கே போகிறது தெரியுமா? பெரும்பாலும் நெருப்புக்கு. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சேலையை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுக்கிறார்கள். ஆக, உங்கள் கைக்கு வரும் பணம் அந்த வெள்ளிக்கு உள்ள விலை. அதிலும் வியாபாரியின் லாபம் போக மீதிதான். நெசவுக்கும் பட்டுக்கும் ஒரு பைசா கிடையாது. கணக்குப் பாஷையில் சொன்னால், நல்ல நிலையில் ஓடுகிற இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குப் போடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 1982-இல் 1,200 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்து, இதுவரை ஆறு தடவை கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 200 ரூபாய் ஆகிறது. உங்கள் மகளோ மருமகளோ இன்னும் ஆறு தடவை கட்டினால் அது 100 ரூபாயாகக் குறையும். இன்றைக்கு 100 ரூபாய்க்குப் பட்டுச்சேலை வாடகைக்குக்கூடக் கிடைக்காது.

பழைய சேலைகளுக்குப் பெயர்களும் உண்டு. 1961-இல் 'பாலும் பழமும்' படம் வந்தது. அதில் சரோஜாதேவி கட்டிய கட்டம் போட்ட சேலை அப்படிப் பிடித்துப்போய், 'பாலும் பழமும் கட்டம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் காஞ்சிபுரம் கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துப் போடுவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா மேடையில் கட்டிய நீலம் 'எம்.எஸ். ப்ளூ' ஆனது. கலாக்ஷேத்ராவை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவி, பழைய சேலைகளின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் பார்த்து அவற்றைத் திரும்ப நெய்ய வைத்தார். பழைய சேலைகள் எங்கோ பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. எல்லாவற்றையும் எரித்திருந்தால் எதைப் பார்த்து நெய்வது?

பட்டுதான் என்றில்லை. மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, சின்னாளப்பட்டி, எழுபதுகளின் நைலக்ஸ், எண்பதுகளின் பூனம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நம் குடியிருப்பில் வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பழைய சேலைகளையும் வெளியே எடுக்கச் சொல்கிறேன்.

கட்டுவதற்கு முன் சில காரியங்களைக் கவனியுங்கள்.

முதலில் சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் விடும். மடிப்பை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்தால் அதைக் கட்ட வேண்டாம். கரை மட்டும் நன்றாக இருந்தால், அதை வெட்டி ஒரு புதுப் பட்டில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது கெஜம் என்றால் சுமார் 8.2 மீட்டர். இப்போது கட்டும் சேலைக்கு ஐந்தரை மீட்டர் போதும். முந்தானைப் பக்கம் விட்டு, உள்முனைப் பக்கமாக வெட்டினால் இரண்டரை மீட்டருக்கு மேல் மிஞ்சும். பேத்திக்கு ஒரு தாவணி ஆயிற்று.

பழைய ஜாக்கெட் யாருக்கும் பத்தாது. அதைப் பிரிக்காமல் டெய்லரிடம் அளவு மாதிரிக்குக் கொடுத்து, அதே கை, அதே கழுத்து வைத்துப் புதுத் துணியில் தைக்கச் சொல்லுங்கள். பழைய ஃபோட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. நம் ஊரில் ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளம். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அதனால் சேலையை பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் ஆறப்போட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். கட்டிய அன்றே வியர்வை உலராமல் மடித்து வைக்கவும் கூடாது. சரிகை மேல் சென்ட் அடிக்க வேண்டாம், கறுத்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பணக் கஷ்டத்துக்கு விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மருத்துவச் செலவும் படிப்புச் செலவும் சேலைக்கு முன்னால் வரும். அப்படி விற்பதானாலும் அவசரப்பட்டு வாசலில் வைத்தே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். சேலையாகவே வாங்கிக் கட்டுவதற்கு ஆள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம்" என்பார்கள் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வருகிற பொங்கல் விழாவுக்கு, முடிந்தவர்கள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சேலையைக் கட்டி வாருங்கள். அம்மாவுடையதோ மாமியாருடையதோ, உங்களுடையதோ, எதுவானாலும் சரி. கூடவே ஒரு சின்ன அட்டையில் யாருடைய சேலை, எந்த வருஷம், எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று மூன்று வரி எழுதி வாருங்கள். விழா முடிந்ததும் அந்த அட்டையைச் சேலையோடு சேர்த்தே பீரோவில் வையுங்கள். நாளைக்கு அந்தப் பீரோவைத் திறக்கிற பிள்ளைக்கு அது யார் கட்டிய சேலை என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் எடைக்குப் போட மனசு வராது.