போல்ட்டை எண்ண வேண்டாம், எடை போடு: மொட்டை மாடியில் ஒரு மோல் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் பத்தி இல்ல, இன்டர்வியூ பத்தியும் இல்ல. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி. ஹெட்போனைக் கழட்டிடாதீங்க, ஒரு பதினஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க. கடைசியில உங்க வீட்டு கேஸ் சிலிண்டருக்கு வந்து நிக்கப்போறோம்.

நான் இருக்கறது நெமிலிச்சேரியில. ஆவடியைத் தாண்டி, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவுல. வண்டலூர்ல இருந்து வர்ற அவுட்டர் ரிங் ரோடு பார்த்திருப்பீங்களே, அது எங்க ஊரைத் தொட்டுட்டுத்தான் மீஞ்சூர் போகுது. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ். ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு மொட்டை மாடியில பக்கத்துத் தெருப் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி, மேத்ஸ் சொல்லித் தர்றேன். காசெல்லாம் கிடையாது. 2024-ல ஆரம்பிச்சது.

முதல் வருஷம் ஏழு பேர் வந்தாங்க. எல்லாரும் அப்பதான் பிளஸ் ஒன் சேர்ந்தவங்க. முதல் பாடமே வேதிக் கணக்கீடுகள். மோல், மூலக்கூறு நிறை, அப்புறம் வேதிவினைக்கூறு விகிதம்னு ஒரு பெரிய பேர். இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி. ரெண்டு பேருமே பயமுறுத்துற பேருதான். 1792-ல ஜெரமியாஸ் ரிக்டர்ங்கற ஜெர்மன்காரர் வச்ச பேர் அது. கிரேக்கத்துல தனிமத்துக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல், ரெண்டையும் ஒட்டவச்சுட்டார். அவ்வளவுதான் விஷயம்: எதோட எது, எவ்வளவு சேரும்.

நான் என்ன பண்ணினேன்? சாப்ட்வேர்காரன் புத்தி. ஒரு ஃபங்ஷன் எழுதற மாதிரி மூணு ஸ்டெப் போட்டுக் கொடுத்தேன். ஒண்ணு, கிராமை மூலக்கூறு நிறையால வகு. ரெண்டு, சமன்பாட்டுல இருக்கற விகிதத்தால பெருக்கு. மூணு, திரும்பவும் மூலக்கூறு நிறையால பெருக்கு. விடை வந்துடும். வந்துச்சு. ரெண்டு வாரத்துல அஞ்சு பேர் கணக்கை டக்கு டக்குனு போட்டாங்க. எனக்கு ஒரே பெருமை.

ஒரு பையன் மட்டும் போடலை. "அண்ணா, ஏன் வகுக்கறோம்? ஏன் அப்புறம் பெருக்கறோம்?"னு கேட்டுட்டே இருந்தான். நான், "இப்போதைக்கு இப்படிப் போடுடா, போகப் போகப் புரியும்"னு சொன்னேன். ஜூலை கடைசியில அவன் வரலை. விசாரிச்சா, சயின்ஸ் குரூப்ல இருந்து காமர்ஸுக்கு மாறிட்டானாம். "எனக்கு கெமிஸ்ட்ரி வராது"ன்னு வீட்டுல சொல்லியிருக்கான். இப்பவும் ஸ்டேஷன்ல பார்ப்பேன். நல்லாதான் படிக்கறான், காமர்ஸ் ஒண்ணும் மட்டம் கிடையாது. ஆனா அவன் பிடிச்சுப் போகலை. தோத்துட்டோம்னு நெனச்சுப் போனான். சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு உறைச்ச விஷயம் வேற. அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. நான் இன்ஜினியரிங் முடிச்சவன்.

ஏன் தெரியலைன்னு யோசிச்சா, நான் பிளஸ் ஒன் படிச்சப்போ அதுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பல ஸ்கூல்கள்ல நடந்ததுதான் எங்க ஸ்கூல்லயும் நடந்துச்சு. பிளஸ் ஒன் ஜூன்லயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் ஒரே புத்தகம். மோல் இருந்த புத்தகத்தைத் திறந்ததே கம்மி. தேவைப்படற ஃபார்முலாவை மட்டும் போர்டுல எழுதிப் போட்டாங்க. மார்க் வந்துச்சு, சீட் கிடைச்சுது, ஆனா அடியில இருந்த ஒரு செங்கல் இல்லவே இல்ல. 2017-18-ல பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததுக்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். இப்போ 2025-ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையில அந்தத் தேர்வை எடுத்துட்டாங்க. பசங்களுக்கு மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு இருந்த பாரம் குறையுது, அது நல்லதுதான். என் பயம் ஒண்ணே ஒண்ணு: பழைய பழக்கம் திரும்பி வந்தா, முதல்ல அடிபடப்போறது இந்தப் பாடம்.

சரி, பதிலுக்கு வருவோம். பதில் எங்க அப்பாகிட்ட இருந்துச்சு.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன பட்டறையில ஸ்டோர்ஸ் பார்த்துட்டு இருந்தவர். இருபது வருஷத்துக்கு மேல இதே லைன்ல ட்ரெயின் பிடிச்சுப் போய்ட்டு வந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது சும்மா கேட்டேன், "ஏம்ப்பா, மூட்டை மூட்டையா போல்ட் வருமே, எத்தனை இருக்குன்னு எப்படி எண்ணுவீங்க?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எவன்டா உக்காந்து எண்ணுவான்? பத்து போல்ட்டை எடை போடு. ஒண்ணு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். மூட்டை எடையை அதால வகுத்தா எண்ணிக்கை வந்துடும். இதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?"

மோல்னா இவ்வளவுதாங்க. அணுவை எண்ண முடியாது. ஆனா எடை போட முடியும். எடையை வச்சு எண்ணறதுக்குத்தான் மூலக்கூறு நிறையால வகுக்கறோம். டஜன்னா பன்னெண்டு மாதிரி, மோல்னா ஒரு எண்ணிக்கை. 6.022-ஐ எழுதி, பத்தின் அடுக்கு 23-ஆல பெருக்கினா வர்ற எண். அவகாட்ரோ எண்ணுன்னு படிச்சிருப்பீங்க. 2019 மே 20-ல இருந்து மோலோட சர்வதேச வரையறையே இந்த எண்ணிக்கைதான்.

2025 ஜூன்ல அடுத்த செட் பசங்க வந்தாங்க. இந்த முறை கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறக்கவே இல்ல. பட்டாபிராம் ஹார்டுவேர் கடையில போல்ட், நட், வாஷர் வாங்கிட்டு வந்தேன். வீட்டுல இருந்த டிஜிட்டல் தராசு. கேள்வி இதுதான்: ஒரு செட்டுக்கு ஒரு போல்ட், ஒரு நட், ரெண்டு வாஷர் வேணும். உங்ககிட்ட மூணுலயும் ஒவ்வொரு கிலோ இருக்கு. எத்தனை செட் போடலாம்?

கணக்கு சுலபமா இருக்க, எடையை முழு எண்ணா சொல்றேன். போல்ட் 25 கிராம், நட் 10 கிராம், வாஷர் 5 கிராம். ஒரு கிலோவுக்கு 40 போல்ட், 100 நட், 200 வாஷர். 200 வாஷர்னா 100 செட்டுக்குப் போதும். ஆனா போல்ட் நாப்பதுதான் இருக்கு. அதனால 40 செட். மீதி நட் 600 கிராம், வாஷர் 600 கிராம் சும்மா கிடக்கும். பசங்க யாருக்கும் ஃபார்முலா தேவைப்படலை. ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டாங்க.

"மூணும் ஒரே எடைதானே, அப்புறம் ஏன் போல்ட் மட்டும் முதல்ல தீர்ந்துச்சு?"ன்னு கேட்டேன். "அது வெயிட்டுண்ணா, அதான் கம்மியா இருக்கு"ன்னு ஒரு பொண்ணு சொன்னா. அந்தப் பொண்ணு முதல் வாரமே, "எனக்குக் கணக்கு வராதுண்ணா, குரூப் மாத்திக்கலாம்னு இருக்கேன்"னு சொல்லிட்டுத்தான் உக்காந்தா. எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம்தான் தண்ணி. ரெண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தா ரெண்டு தண்ணி மூலக்கூறு. இப்போ 10 கிராம் ஹைட்ரஜன், 10 கிராம் ஆக்சிஜன். எவ்வளவு தண்ணி வரும்? நாலு பேர் 20 கிராம்னாங்க. ஒருத்தன், "ரெண்டுக்கு ஒண்ணுன்னா 10 கிராம் ஹைட்ரஜனுக்கு 5 கிராம் ஆக்சிஜன் போதும், மொத்தம் 15"ன்னான்.

இந்தத் தப்பைக் கவனிங்க. வருஷா வருஷம் எல்லாப் பசங்களும் செய்யற தப்பு இது. சமன்பாட்டுல இருக்கற ரெண்டும் ஒண்ணும் எண்ணிக்கை. கிராம் இல்ல. எங்க பாஷையில சொன்னா, எண்ணிக்கை போட வேண்டிய வேரியபிள்ல எடையைப் போட்டுட்டாங்க. எர்ரர் எதுவும் காட்டாது, தப்பான விடையை அமைதியா கொடுத்துட்டுப் போகும். இந்த மாதிரி பக்தான் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

"போல்ட்டை நெனச்சுக்கோங்க"ன்னேன். ஹைட்ரஜன் மூலக்கூறு மோலுக்கு 2 கிராம். 10 கிராம்னா 5 மோல். ஆக்சிஜன் மோலுக்கு 32 கிராம். 10 கிராம்னா ஒரு மோல்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, 0.3125 மோல். ஆக்சிஜன்தான் இங்க போல்ட். அது முதல்ல தீர்ந்துடும். அதுக்கு ரெண்டு மடங்கு ஹைட்ரஜன், 0.625 மோல், அதாவது 1.25 கிராம் போதும். வர்ற தண்ணி 11.25 கிராம். மீதி ஹைட்ரஜன் 8.75 கிராம். கூட்டிப் பார்த்தா 20. ஒரு பொடி கூட காணாமப் போகலை. இப்படிக் கூட்டிப் பார்க்கறது தினமும் பண்ண வேண்டிய பழக்கம். நாங்க டெஸ்ட் எழுதற மாதிரிதான்.

முதல்ல தீர்றதுக்குப் புத்தகத்துல வினைக்கட்டுப்பாட்டுக் காரணின்னு பேர். பேரை முதல்ல சொல்லாதீங்க. தீர்றதைக் கண்ணால பார்த்தப்புறம் சொல்லுங்க, பேர் தானா ஒட்டிக்கும்.

கண்ணால பார்க்க ஒரு வழி இருக்கு. நாலு தண்ணி பாட்டில். ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி வினிகர். நாலு பலூன்ல ஆப்ப சோடா, 1 கிராம், 2 கிராம், 4 கிராம், 8 கிராம். பலூனை பாட்டில் வாயில மாட்டிக் கவுத்தா, பொங்கி, கார்பன் டை ஆக்சைடு பலூனை ஊத வைக்கும். ரெண்டாவது பலூன் முதலாவதை விடப் பெருசு. மூணாவது இன்னும் பெருசு. நாலாவதுல சோடா இன்னொரு மடங்கு. பலூனும் பெருசாகும்னு எல்லாரும் காத்துட்டு இருந்தாங்க. ஆகலை. மூணாவது அளவோட நின்னுடுச்சு. கடையில கிடைக்கற வினிகர்ல அமிலம் நூத்துக்கு நாலு கிராம் மாதிரின்னு வச்சா, 50 மில்லிக்கு சுமார் 2.8 கிராம் சோடாதான் தேவை. அதுக்கு மேல எவ்வளவு கொட்டினாலும் வேலை இல்ல. அந்தப் பொண்ணு எழுந்து வந்து நாலாவது பாட்டில்ல கொஞ்சம் வினிகர் ஊத்தினா. திரும்பப் பொங்குச்சு. "வினிகர்தான் தீர்ந்துச்சு"ன்னா. நான் ஒண்ணுமே சொல்லலை.

கடைசி வாரம் சிலிண்டர் கணக்கு. வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ். அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. நாம சுலபத்துக்கு எல்லாம் பியூட்டேன்னு வச்சுப்போம். ஒரு பியூட்டேன் மூலக்கூறு எரிய ஆறரை ஆக்சிஜன் மூலக்கூறு வேணும். நாலு கார்பன் டை ஆக்சைடும் அஞ்சு தண்ணியும் வரும். பியூட்டேன் மோலுக்கு 58 கிராம். அப்போ ஒரு சிலிண்டர்ல சுமார் 245 மோல். கணக்குப் போட்டா, வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு 43 கிலோ. தண்ணி 22 கிலோ.

பசங்க நம்பவே இல்ல. "14 கிலோ எரிச்சா 43 கிலோ எப்படிண்ணா?" கூட்டிப் பாருங்கன்னேன். 43-ம் 22-ம் 65. கேஸ் 14. மீதி 51 கிலோ காத்துல இருந்து வந்த ஆக்சிஜன். காத்தோட எடையில ஆக்சிஜன் கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அப்போ ஒரு சிலிண்டருக்கு சுமார் 220 கிலோ காத்து. பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா, அதுல இருக்கற காத்து 34 கிலோதான். ஒரு சிலிண்டர் முழுசா எரிய ஆறு ரூம் காத்துக்கு மேல வேணும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அந்தப் பொண்ணு கேட்டா: "அண்ணா, ரூம் மூடியிருந்தா ஆக்சிஜன்தானே போல்ட்டு? அது பத்தலைன்னா கேஸ் என்ன ஆகும்?"

நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி அது. பதில் பயங்கரமானது. ஆக்சிஜன் பத்தலைன்னா கேஸ் அரைகுறையா எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர் போட்டுக் குளிக்கப் போனவங்க இறந்து போறாங்கன்னு பேப்பர்ல படிக்கறோம் இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கறது இந்தக் கணக்குதான். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் முதல் வேலையா சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து வச்சாளாம். குரூப் மாத்தலை. கணக்கு இன்னும் மெதுவாத்தான் போடறா, ஆனா ஏன் வகுக்கறோம்னு தெரிஞ்சு போடறா.

நீங்க யாருக்காவது இந்தப் பாடத்தைச் சொல்லித் தர்றீங்கன்னா, மூணு விஷயம் மட்டும் வச்சுக்கோங்க. ஃபார்முலாவுக்கு முன்னாடி எடை போட்டு எண்ண வைங்க. சமன்பாட்டுல இருக்கறது எண்ணிக்கைன்னு வாயால சொல்ல வைங்க. விடை வந்ததும் முன்னாடி இருந்த எடையும் பின்னாடி இருக்கற எடையும் சரியா இருக்கான்னு கூட்ட வைங்க. அப்புறம், "ஏன்?"னு ஒரு பையன் கேட்டா, "போகப் போகப் புரியும்"னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்னேன். அவன் போயிட்டான்.

அடுத்த வாரம் பார்ப்போம். கேஸ் பத்தவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைங்க.