பிடோக் கடலில் அலை ஏன் எழுவதில்லை?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து பஸ் பேசிக்கொண்டு சிங்கப்பூர் போய் வருவது நம்மவர்களுக்குப் பழக்கமான ஒன்று. காலையில் வீரமாகாளியம்மன் கோயில், பிறகு தேக்காவில் கடைகள். வெயில் தணிந்ததும் பிடோக் பக்கம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பாயை விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்ப்போம். அங்கே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கடல் என்றீர்களே, அலை எங்கே?" என்பதுதான். பலகையின் மேல் நின்றபடி பெரிய பெரிய அலைகளில் வழுக்கி வருகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் அல்லவா? அந்த விளையாட்டை அலைச்சறுக்கு என்கிறார்கள். பிடோக்கில் அதற்கு வழியில்லை. ஏன் இல்லை என்பதை இன்று பார்ப்போம். இது வெறும் விளையாட்டைப் பற்றிய பேச்சு அல்ல. நீந்தத் தெரியாத நம் பிள்ளைகளின் உயிரும் இதில் இருக்கிறது.

அலையைப் பிறப்பிப்பது காற்று. சூடான தேநீரைச் சாசரில் ஊற்றி ஊதுகிறோம். எவ்வளவு பலமாக ஊதினாலும் மேலே சிறு சுருக்கம்தான் விழுகிறது. அலை வளர்வதற்குச் சாசரில் இடம் இல்லை. காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் ஓடிவரும் தூரம் ஆகிய மூன்றும் கூடினால்தான் அலை பெருக்கும். பிடோக்குக்கு எதிரே இருபது கிலோமீட்டர் அளவில் பாத்தாம் தீவு இருக்கிறது. அதற்குக் கிழக்கே பிந்தான். மேற்கே சுமத்திரா நீளமாகப் படுத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் அலைகளை மறித்துவிடுகிறது. வடக்கே நம் ஜோகூர். ஆகவே பிடோக் கடல் ஏறக்குறைய ஒரு பெரிய சாசர்தான்.

இயற்கை செய்தது இவ்வளவு. மனிதன் செய்ததும் உண்டு. நாம் பாய் விரிக்கிற அந்த இடம் அறுபது ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. 1966இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை, பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, ஓடும் பட்டையில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, சுமார் 1,525 ஹெக்டேர் நிலம் எடுத்தார்கள். கொட்டிய மண்ணைக் கடல் திரும்ப அள்ளிக்கொண்டு போகாதிருக்கக் கரை ஓரமாக இடைவெளி விட்டு விட்டுக் கல் மேடுகளைக் கட்டினார்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே கரை பிறை நிலா போல வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வருகிற அலை அந்தக் கற்களிலே தன் பலத்தை இழந்துவிடுகிறது.

வேறு நாடுகளில் இதே வேலையைப் பவளப்பாறை கூலி வாங்காமல் செய்கிறது. நல்ல நிலையிலுள்ள பாறைத்திட்டு அலையின் பலத்தில் சராசரியாக நூற்றுக்கு 97 பங்கைத் தடுத்துவிடுகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை என்றோர் ஊர். அங்கே பாறைக்கு உட்பக்கம் சிறுவர்கள் குளிப்பார்கள். பாறை இல்லாத பக்கங்களிலும் அதன் வெளிவிளிம்பிலும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை அலைச்சறுக்குக்காரர்கள் கூடுவார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது ஹிக்கடுவையில் நீர் உள்ளே புகுந்தது சிறு தூரம்தான். சில கிலோமீட்டர் வடக்கே பெரலிய என்ற இடத்தில் ஒரு ரயிலையே அது புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்திருந்ததும் ஒரு காரணம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

சரி, அலை இல்லை, ஆகவே பயம் இல்லை என்று பிள்ளைகளைப் பிடோக்கில் இறக்கிவிடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே அசையாத நீர் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சிங்கப்பூர் நீரிணையில் நீர் ஏற்றமும் வற்றமும் சில நாட்களில் மூன்று மீட்டர் அளவுக்குப் போகும். அவ்வளவு நீரும் குறுகலான வழியில் வந்து போகவேண்டும். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கப்பலின் மேல் மண்வாரிக் கப்பல் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டிற்று. தீவின் தென்மேற்கில் கொட்டிய அந்த எண்ணெய் விரைவிலேயே கிழக்கே ஈஸ்ட் கோஸ்ட் மணலில் கறுப்பாக ஒதுங்கியது. அதைத் தள்ளிக்கொண்டு வந்ததில் பெரும்பங்கு இந்த நீரோட்டத்துடையது. எண்ணெயைத் தள்ளுகிற நீர் எட்டு வயதுப் பிள்ளையைத் தள்ளாதா? கல் மேடுகளின் பாசி வழுக்குவது வேறு. முழங்கால் நீர், கண் பார்க்கிற தூரம், கூடவே ஒரு பெரியவர். பிடோக்கில் இவ்வளவு போதும்.

இனி நம் பக்கத்து டெசாருவுக்கு வருவோம். பிடோக்கில் குளித்த பழக்கத்தை டெசாருவுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது தென்சீனக் கடலைப் பார்த்த கரை. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தடையின்றி ஓடிவந்து அங்கே அலைகளைக் கொட்டுகிறது. அலைச்சறுக்குக்காரர்களுக்கு அது கொண்டாட்டக் காலம். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் பல ஆண்டுகளாக அந்தக் காலத்தில்தான் விழுந்து வந்திருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

கரையில் மோதிய நீர் திரும்பிப் போயாக வேண்டுமே. அது எங்கும் பரவலாகத் திரும்புவதில்லை. மணல் பள்ளமான ஓரிடத்தைக் கண்டுபிடித்து, வாய்க்கால் போல அதன் வழியே வெளியே பாயும். ஆழமான இடமாதலால் அங்கே அலை உடையாது. இரு பக்கமும் வெள்ளை நுரை, நடுவே மட்டும் அமைதியான நீர். "இங்கே அலை இல்லை, இங்கே இறங்கு" என்று தாய் பிள்ளைக்குக் காட்டுகிற இடமே அந்த வாய்க்காலாக இருந்துவிடும்! பாறை சூழ்ந்த கரைகளிலும் பாறையின் இடைவெளி இப்படித்தான் இழுக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் சிரமமில்லாமல் வெளியே போக இதே ஓட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்குப் பலகை உண்டு, நீந்தவும் தெரியும்.

ஆகவே நுரைக்கு நடுவே அமைதி தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். சிவப்புக் கொடி பறந்தால் எங்குமே இறங்காதீர்கள். தப்பித்தவறி அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் போராடக்கூடாது. பலசாலிகளும் அதில் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். இந்த ஓட்டம் ஆளை வெளியே இழுக்குமே தவிர, அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீந்த முடிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை சேரலாம். கரையில் நிற்பவர்கள் பின்னாலேயே குதிக்கவேண்டாம். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் உண்டு. மூடி இறுகிய காலி எண்ணெய் டின்னோ பெரிய தண்ணீர்ப் போத்தலோ வீசினால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். கட்டுச்சோற்றுக் கூடையோடு அப்படி ஒரு டின்னையும் பத்துப் பாகம் கயிற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.